அண்டோன்

காதில் விழும்போது நம் 'ஆண்டான்' போல ஒலிக்கும். உறவு ஏதுமில்லை, பொருளும் வேறு. அண்டோன் ஜப்பானியச் சொல். மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டி, உள்ளே எண்ணெய்த் திரி எரியும் கூண்டு விளக்கு அது. எழுத்தைப் பிரித்தால் 'செல்' என்பதும் 'விளக்கு' என்பதும் கிடைக்கும். முதலில் கையில் தூக்கிச் சென்ற விளக்காதலால் இந்தப் பெயர்.

டொயோட்டா கார் ஆலைகளில் இதே சொல், தலைக்கு மேலே தொங்கும் விளக்குப் பலகைக்குப் பெயரானது. கோளாறு கண்ட தொழிலாளி பக்கத்திலுள்ள கயிற்றை இழுப்பார். பலகையில் அவர் இடம் ஒளிரும். குழுத்தலைவர் ஓடி வருவார். வண்டி குறித்த கோட்டைத் தொடுவதற்குள் சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நின்றுவிடும். இழுக்க மேலாளரின் அனுமதி தேவையில்லை. இழுத்தவரைத் திட்டும் ஆலையில் அது வெறும் கயிறுதான். கோளாறு கண்டதும் நிறுத்துவது என்ற எண்ணத்தின் வேர் தறியில் இருக்கிறது: நூல் அறுந்தால் தானே நிற்கும் தானியங்கித் தறியை, டொயோட்டா கார் நிறுவனத்தை நிறுவியவரின் தந்தை சகிச்சி டொயோடா 1924-இல் உருவாக்கி முடித்தார்.

இப்போது சில ஆலைகளில் கயிறு போய்ப் பொத்தான் வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.