கருக்கால ஊசிச் சோதனைகள்

வயிற்றிலிருக்கும் குழந்தையின் குரோமோசோம், மரபணுக் குறைகளை உறுதிசெய்ய, ஸ்கேனில் பார்த்தபடியே கர்ப்பப்பைக்குள் ஊசி செலுத்தி மாதிரி எடுக்கும் சோதனைகள் மூன்று. எதை எடுக்கிறார்கள், எந்த வாரத்தில் எடுக்கிறார்கள் என்பதில்தான் இவை வேறுபடுகின்றன.

முந்தியது சி.வி.எஸ். எனும் நச்சுக்கொடித் திசுச் சோதனை. 11 முதல் 13 வாரங்களில் செய்வது. தலசீமியா போன்ற நோய்க்கான மரபணு மாற்றம் குடும்பத்தில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தால் இதுவே வசதி. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் தமிழ்நாட்டில் இதற்குத் தனி மதிப்புண்டு. ஆனால் 100-ல் ஒன்றிரண்டு பேருக்கு நச்சுக்கொடியின் செல் ஒன்று சொல்ல, குழந்தையின் செல் வேறாக இருக்கும். அப்போது அடுத்த சோதனையான ஆம்னியோவும் தேவைப்படும்.

ஆம்னியோ எனும் பனிக்குட நீர்ச் சோதனை 15 வாரம் நிறைந்த பிறகு. தாயின் செல் கலந்திருக்கக்கூடும் என்று முதல் ஓரிரு மில்லியைக் கொட்டிவிட்டு, வெளிர்மஞ்சள் நீரை 15–20 மில்லி இழுக்கிறார்கள். ஊசி உள்ளே இருப்பது சில நிமிடம்கூட இல்லை. 13, 18, 21-ஆம் குரோமோசோம்களுக்கான விரைவு முடிவு இரண்டு மூன்று நாளில் வரும். செல்களை வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று வாரம் ஆகும்.

காசிமேட்டிலிருந்தோ எர்ணாவூரிலிருந்தோ ஒரு பெண் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கு ஐந்தாம் மாதத்தில்தான் முதன்முதலாக வருகிறார் என்றால், சி.வி.எஸ். காலம் கடந்திருக்கும். 20-ஆம் வாரத்தில் ஆம்னியோ செய்தால் முழு முடிவு 23-ஐத் தொடலாம். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி 24 வாரத்துக்கு மேல் கலைக்க மருத்துவக் குழுவின் முடிவு வேண்டும்.

தொப்புள்கொடி ரத்தச் சோதனை 18 வாரத்துக்குப் பின். இன்று பெரும்பாலும் குழந்தையின் ரத்தசோகையை அறியவும், அங்கேயே ரத்தம் ஏற்றவும் பயன்படுகிறது. கருச்சிதைவு ஆபத்து இதில் 100-ல் ஒன்று இரண்டு. மற்ற இரண்டிலும், கைதேர்ந்தவர் செய்தால், 200-ல் ஒன்றுக்கும் குறைவு. ஆம்னியோவுக்கு இன்னமும் பலர் சொல்லும் ‘100-ல் ஒன்று’ 1986-ல் வெளியான டென்மார்க் ஆய்வின் கணக்கு, பழையது.

ரசாயனம், கதிர்வீச்சு ஆகியவற்றுக்கு ஆட்பட்ட கர்ப்பிணிக்கும் கருக்காலச் சோதனைகளை ஒழுங்குபடுத்தும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இச்சோதனைகளை அனுமதிக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. அப்படியொரு இரவைக் கடந்த கர்ப்பிணி ‘என் குழந்தைக்கு ஏதும் ஆச்சா?’ என்று கேட்டால், ஊசிச் சோதனை அதற்கு அநேகமாகப் பதில் சொல்லாது. அது படிப்பது குரோமோசோமையும் மரபணுவையும். காற்றில் வந்த நஞ்சை அல்ல. உறுப்புக் குறைகளைத் தேட 18–20 வார ஸ்கேன்தான் வழி.

அதே 1994 சட்டம் குழந்தையின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கிறது. ஒப்புதல் படிவம் கர்ப்பிணிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதன் நகலும் அவள் கைக்கு வர வேண்டும். ரத்தவகை நெகட்டிவ் என்றால், சோதனைக்குப் பின் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்.