ஆமைத் தடம் தேடி நடந்தவர்

நெய்தல் நிலத்து வாழ்வைப் பாடிய சங்கப் புலவர்கள் கடலாமையையும் மறந்தாரல்லர். சூல்கொண்ட ஆமை அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டிலே முட்டையிட்டுப் புதைக்கும் காட்சி அகநானூற்றில் இடம்பெற்றுள்ளது. குஞ்சு வெளிவரும்வரை ஆணாமை அம்முட்டைகளைக் காத்து நிற்குமென்றும் அப்பாடல் கூறுகின்றது. இன்றைய விலங்கியலோ, ஆணாமை கரையேறிக் காவல் நிற்பதில்லை என்றும், தாயும் முட்டைகளை மணலிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலுக்கே மீள்கின்றதென்றும் கூறும். காப்பாரின்றிக் கிடந்த அம்முட்டைகளுக்குக் காவலராக வாய்த்த மனிதருள் ஒருவர் சதீஷ் பாஸ்கர்.

1946 ஆம் ஆண்டிற் கேரள நாட்டிலே பிறந்த பாஸ்கர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பொறியியல் பயிலச் சென்றார். ஆனால், வகுப்பறையிலும் பார்க்கக் கடலே அவரைப் பெரிதும் ஈர்த்தது. பட்டம் பெறாமலே படிப்பைக் கைவிட்ட அவர், றொமியூலஸ் விற்றேக்கர் நிறுவிய சென்னைப் பாம்புப் பண்ணையிற் சேர்ந்தார். பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடி அப்பண்ணையினர் சென்னைக் கடற்கரையில் இரவிரவாக நடந்த காலம் அது. அந்த நடையே பாஸ்கரின் வாழ்க்கைத் தொழிலாயிற்று.

இந்தியாவிற் கடலாமைகளுக்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு 1977 ஆம் ஆண்டிற் கிடைத்தது. நம் இலங்கையில் 1972 ஆம் ஆண்டிலேயே அவை காக்கப்படும் உயிரினங்களாயின. ஆயினும், எந்த ஆமை எந்தக் கரையில், எந்த மாதத்தில், எத்தனை முட்டைக் குழிகள் இடுகின்றது என்பதை அறியாமற் சட்டத்தினால் மட்டும் என்ன பயன்? அவ்வறிவைத் தேடி ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலத்தில் அவர் நடந்த கரையின் நீளம் 4,000 கிலோமீற்றருக்கு மேலாகும். சில தீவுகளை அவர் நீந்தியே அடைந்தார்.

அவருடைய ஆய்வுமுறை எளிமையானது. இரவிலே கரையேறும் ஆமையை நேரிற் காண்பது அரிது. விடியலில் அதன் தடத்தைக் காண்பது எளிது. பேராமையும் தோணி ஆமையும் இரு துடுப்புகளையும் ஒருசேர ஊன்றி நகர்வதால் அவற்றின் தடம் இருபுறமும் ஒத்திருக்கும். பங்குனி ஆமையும் அழுங்காமையும் மாறிமாறி ஊன்றுவதால் அவற்றின் தடம் பிறிதாகத் தோன்றும். மணலில் எழுதப்பட்ட இவ்வெழுத்தைப் படிக்கக் கூரிய கண்ணும் சலியாத காலும் போதும்.

நேயர்களே, அவருடைய மனவுறுதிக்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். இலட்சத்தீவுகளிற் பேராமைகள் முட்டையிடுவது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம். அப்பொழுது கடல் கொந்தளிப்பதால் ஆளற்ற தீவுகளுக்குப் படகு செல்லாது. ஆதலால் அங்கு நிகழ்வதை எவரும் அறிந்திலர். 1982 ஆம் ஆண்டில், மனைவியையும் கைக்குழந்தையையும் பிரிந்து, சுகெலி வலியகரை என்னும் ஆளற்ற தீவிலே மே மாதம் தொடக்கம் செப்ரெம்பர் வரை பாஸ்கர் தன்னந்தனியே தங்கினார். மனைவிக்கு ஒரு கடிதம் எழுதிப் போத்தலில் அடைத்துக் கடலில் விட்டார். ஒரு மாதம் முடிவதற்குள் அப்போத்தல் நம் இலங்கைக் கரையை அடைந்தது. அதைக் கண்டெடுத்த மீனவர் ஒருவர், தாமும் ஒரு மடல் எழுதி உடன்வைத்து, உரியவருக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தார். முகமறியாத ஒருவரின் குடும்பக் கவலையைத் தம் கவலையாக எண்ணிய அம்மீனவரின் பண்பு நாம் பெருமைகொள்ளத் தக்கது.

பின்னர் இந்தோனேசியாவைச் சேர்ந்த பப்புவாவின் வடமேற்குக் கரையிலும், பெரிய நிக்கோபார்த் தீவிலும், கடலாமைகளுட் பெரியதான தோணி ஆமையை அவர் ஆராய்ந்தார். 2004 ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை நிக்கோபார்க் கரைகளைச் சிதைத்தது. மணல் மீண்டும் படிந்தபின் ஆமைகளும் மீண்டன. முன்பிருந்த நிலை யாது, இழந்தது எவ்வளவு, மீண்டது எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க முயன்றவர்களுக்குக் கைகொடுத்தவற்றுள் பாஸ்கர் எழுதிவைத்த பழைய கணக்குகளும் அடங்கும். அதே தீவின் கலத்தியா விரிகுடாவில் இன்று பெருந்துறைமுகம் அமைக்கும் திட்டம் எழுந்துள்ளது. அதுபற்றிய வாதங்களிலே தோணி ஆமையின் பெயர் தவறாது ஒலிப்பதற்கும் அத்தகைய கணக்குகளே அடிப்படை.

பாஸ்கர் 2023 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் காலமானார். பெரும் பதவியோ பட்டமோ அவர் நாடவில்லை. மணலில் ஆமை பதித்த தடம் அடுத்த அலையோடு அழிந்துவிடும். அழியுமுன் அதை எண்ணி எழுதிவைக்க ஒருவர் அங்கு இருந்தார் என்பதே அவருடைய வாழ்வின் பயன். நம் கரைகளிலும் ஐவகைக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. அவற்றின் தடத்தைக் காணும் மாணவர் எவரேனும், மிதித்துக் கடந்து செல்லாது, நாளும் இடமும் குறித்து வைப்பாராயின், அந்தப் பணி நம் நாட்டிலும் தொடரும்.