தோட்டத்துத் தோரணம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பண்டிகை அலங்காரம் அன்றும் இன்றும் என்பது நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. எனக்கு முன் பேசிய அன்பர் ஒரு கருத்தைச் சொன்னார். மாவிலையும் குருத்தோலையும்தான் தமிழர் அலங்காரம். வண்ணக் காகிதம் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது. தோட்டத்தில் வேறு வழியில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டோம். இன்று வசதி வந்துவிட்டது, அது போனால் போகட்டும் என்றார். கைத்தட்டலும் வாங்கினார்.

அவரோடு சண்டை போட நான் இங்கே வரவில்லை. ஆனால், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, விரலெல்லாம் காகிதச் சாயத்தோடு வளர்ந்தவன் என்ற முறையில் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

ஓலையில் தொடங்கிய கை

முதலில் வெள்ளைக்காரன் கணக்கைத் தீர்த்துவிடுவோம். காகிதம் சீனத்தில் பிறந்தது. கி.பி. 105இல் சாய் லுன் என்ற அரசவை அதிகாரி அதைச் செய்யும் முறையை மன்னரிடம் அளித்தார் என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. ‘காகிதம்’ என்று நாம் சொல்லும் சொல்லோ பாரசீக மொழி வழியாக வந்தது. ஆக, பொருள் சீனத்துப் பொருள், பெயர் பாரசீகப் பெயர். வெள்ளைக்காரன் அதைச் சாயமிட்டு, சுருக்கம் வைத்து, கப்பலில் ஏற்றி அனுப்பினான். கிரேப் தாள் என்று நாம் சொல்லும் அந்தச் சுருக்குத்தாள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் மேல்நாட்டு விருந்து மண்டபங்களில் பரவியது.

பொருள் வெளியிலிருந்து வந்தது உண்மைதான். அதை மடித்த கை எங்கே கற்றது? அதுதான் கேள்வி.

விழாவுக்கு ஊரை அலங்கரிப்பது நமக்கு நேற்று வந்த பழக்கம் அல்ல. மணிமேகலைக் காப்பியத்தின் விழாவறை காதையில், புகார் நகரில் முரசறைந்து விழாச் செய்தி சொல்பவன், தோரணம் கட்டுங்கள், பூரண கும்பம் வையுங்கள், வாழையும் கரும்பும் நடுங்கள் என்று ஊராருக்கு அறிவிக்கிறான். ஊரார் எல்லாருக்கும் சொல்லப்பட்ட வேலை அது என்பதைக் கவனியுங்கள். ஆள் வைத்துச் செய்துகொள்ளச் சொல்லவில்லை.

குருத்தோலையைக் கிழித்து மடித்துத் தோரணம் செய்வதில் நம் பெரியவர்களுக்கு ஓர் இலக்கணமே இருந்தது. மங்கல வீட்டுக்கு ஒரு மடிப்பு, துக்க வீட்டுக்கு வேறு மடிப்பு. தோரணத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று வழிப்போக்கன் தெரிந்துகொள்வான்.

செய்பூவும் நமக்குப் புதிதல்ல. பாடி வந்த பாணனுக்கு மன்னர்கள் பொன்னால் செய்த தாமரையைச் சூட்டினார்கள் என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. ஏழைக்குப் பொன் ஏது? அவன் குளத்தில் விளையும் நெட்டியை எடுத்தான். வெள்ளை வெளேர் என்று, பஞ்சு போல் லேசாக இருக்கும் தண்டு அது. அதைச் சீவி, சாயம் ஏற்றி, பூவாக்கினான். தஞ்சாவூர் வட்டாரத்தில் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் போடும் நெட்டி மாலை இன்றும் இருக்கிறது.

ஓலையை மடிக்கத் தெரிந்த கை. நெட்டியைச் சீவிப் பூச்செய்யத் தெரிந்த கை. அந்தக் கைதான் கப்பலேறி மலாயாவுக்கு வந்தது.

ரப்பர் இலையில் தோரணம் கட்ட முடியுமா?

நம் வட்டாரத்தின் வரலாறு ரப்பரோடு பின்னியது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளில் சில, அந்நாளைய பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோவின் காலத்தில் கோலகங்சாரில் நடப்பட்டன. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ஊர்தான் அது. பிறகு காடுகள் அழிந்தன, தோட்டங்கள் எழுந்தன. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பும் பின்பும் கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தடை போடும் வரை அது நடந்தது.

வந்தவர்கள் முதலில் ஒரு மரத்தடியில் கல்லை நட்டு மாரியம்மனாகக் கும்பிட்டார்கள். கல் கிடைத்தது, மஞ்சள் கிடைத்தது. தோரணத்துக்கு என்ன செய்வது? நாலு பக்கமும் ரப்பர் மரம். அதன் இலை மடிக்கவும் ஆகாது, வாடாமல் நிற்கவும் செய்யாது. கம்பத்து மலாய்க்காரர் வீட்டுத் தென்னையிலிருந்து குருத்து கேட்டு வாங்கலாம். ஆனால் குருத்தை வெட்டினால் மரம் தாங்காது. கோயிலுக்கும் சாமி ஊர்வலம் போகும் பாதை முழுவதற்கும் எத்தனை மரத்தில் கை வைப்பது?

பட்டணத்துச் சீனர் கடையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று தாள் தாளாகக் காகிதம் தொங்கியது. விலையும் மலிவு. நம் ஆட்கள் அதைக் கையில் எடுத்தார்கள். மடிப்பு பழைய மடிப்பு. தாள் மட்டும் புதுசு.

ஒரு வாரத்து இரவுகள்

எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா மூன்று நாள். அலங்கார வேலை அதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடும். வீட்டுக்கு இவ்வளவு என்று கோயில் சந்தா பிரிப்பார்கள். அதில் ஒரு பங்கு காகிதத்துக்கு. தலைவர் சைக்கிளில் பட்டணம் போய் வாங்கி வருவார். வழியில் மழை பிடித்தால் சட்டையைக் கழற்றிக் காகிதத்துக்குப் போர்த்திக்கொண்டு வெறும் உடம்போடு வருவார்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாய் விரிக்கப்படும். ஒரு பக்கம் மைதா மாவைக் காய்ச்சிப் பசை தயாராகும். எறும்பு வராமல் இருக்கக் கொஞ்சம் துத்தம் கலப்பார்கள். பசை தீர்ந்துபோனால் பையன்கள் ரகசியமாகக் கொஞ்சம் ரப்பர்ப் பால் கொண்டு வருவோம். அதைவிட நன்றாக ஒட்டுவது எது? கிராணி கண்ணில் பட்டால் மட்டும் தொலைந்தோம்.

வேலை பங்கிடப்பட்டிருக்கும். சிறுவர்களுக்கு வளையச் சங்கிலியும் முக்கோணக் கொடியும். கொஞ்சம் கை பழகியவர்களுக்கு வலைத் தோரணம். மெல்லிய தாளை நீளவாக்கில் நாலாக மடித்து, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பைத் தொடாமல் ஒரு வெட்டு, அடுத்து மறு பக்கத்திலிருந்து ஒரு வெட்டு என்று மாற்றி மாற்றி வெட்ட வேண்டும். மெல்லப் பிரித்து இழுத்தால் தாளைப் போலப் பல மடங்கு நீளத்துக்கு வலையாக விரியும். ஒரே ஒரு வெட்டு எல்லை தாண்டினால் இரண்டு துண்டு. அந்தச் சத்தம் கேட்டதும் பாய் முழுக்கச் சிரிப்பு.

பூ செய்வது பெண்கள் வேலை. கிரேப் தாளை இதழாக வெட்டி, இரண்டு கட்டைவிரலாலும் நடுவில் இழுத்துவிட்டால் அது குழிந்து உண்மையான ரோஜா இதழாகவே நிற்கும். ஓரத்தை விளக்குமாற்றுக் குச்சியில் சுருட்டி எடுத்தால் மடல் விரியும். என் பாட்டி கையெழுத்துப் போடத் தெரியாதவர். ஒரு தாளை எட்டாக மடித்து, கோடு போடாமல், கத்தரிக்கோலை எடுக்காமல் ஒரே சுற்றில் வெட்டி விரித்தால் தாமரை மலரும். அளவை எங்கே கற்றீர்கள் பாட்டி என்று கேட்டால், கோலம் போடுகிற கைக்கு அளவு தனியாகச் சொல்லித் தர வேண்டுமா என்பார்.

திருவிழா அன்று மழை வந்தால்தான் சோதனை. கிரேப் தாள் சாயம் விடும். தோரணத்தின் கீழே நின்றவர் வேட்டியெல்லாம் சிவப்பு. நாடகம் போடும் இளைஞர்களோ அதே சிவப்புத் தாளை எச்சில் தொட்டு உதட்டில் தேய்த்துக்கொண்டு அல்லி ராணியாக மேடை ஏறிவிடுவார்கள்.

மூன்று வீட்டுக் காகிதம்

இந்தக் கலை நம் லயத்துக்குள்ளேயே அடைந்து கிடக்கவும் இல்லை. மலாய்க்காரர் திருமண ஊர்வலத்தில் பூங்கா மங்கார் ஏந்தி வருவதைப் பார்த்திருப்பீர்கள். தென்னை ஈர்க்குகளில் பளபளக்கும் வண்ணத்தாளைச் சுற்றி, ஒரு கழியின் தலையில் கொத்தாகக் கட்டியிருப்பார்கள். மங்கார் என்றால் தென்னம்பாளை. நாம் மங்கல காரியங்களில் தென்னம்பாளையை அப்படியே வைக்கிறோம்; அவர்கள் அதைக் காகிதத்தில் செய்கிறார்கள். இரண்டும் ஒரே மரத்தின் வாழ்த்துதான்.

சீனர் வீட்டுப் பிள்ளைகள் விளக்குத் திருவிழாவில் தூக்கிச் செல்லும் மீன் விளக்கு, சேவல் விளக்கு எல்லாம் கம்பிச் சட்டத்தில் கண்ணாடித்தாள் ஒட்டியவை. அந்தக் கண்ணாடித்தாளை 1908இல் கண்டுபிடித்தவர் பிராண்டன்பெர்கர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். அது சுங்கை சிப்புட் கடைத்தெருவுக்கு வந்தபோது எங்கள் பையன்களும் விடவில்லை. நட்சத்திரம் கட்டி உள்ளே மெழுகுவர்த்தி வைத்துத் தீபாவளிக்குத் தொங்கவிட்டார்கள். இலங்கையில் வெசாக் கூடு, பிலிப்பைன்சில் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு என்று போன இடமெல்லாம் மூங்கிலும் காகிதமும் அந்தந்த ஊர் விழாவாக மாறியிருக்கின்றன. அங்கெல்லாம் யாரும் அதை இரவல் அலங்காரம் என்று தள்ளிவைக்கவில்லை.

வேலிக்குள் ஒரு திருவிழா

நம் ஊரின் பெயர் உலகச் செய்தியில் அடிபட்ட நாள் 1948 ஜூன் 16. அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. முள்வேலி, ஊரடங்கு, உணவுக் கட்டுப்பாடு என்று பன்னிரண்டு ஆண்டுகள்.

அந்த நாட்களைப் பற்றிப் பாட்டி சொன்னது இது. இருட்டிய பிறகு நாலு பேர் கூடினால் சந்தேகம். பாய் விரித்து ஊரே உட்கார்ந்து தோரணம் ஒட்டுவது நடக்காத காரியம். அதனால் தலைவர் காகிதத்தை வீடு வீடாகப் பங்கிட்டுக் கொடுத்தாராம். அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு, சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு ஒட்டினார்கள். விடிந்ததும் எல்லாத் துண்டையும் கொண்டுவந்து கோயில் வாசலில் முடிச்சுப் போட்டபோது, ஒரு வீட்டுத் துண்டு நீளம், ஒன்று குட்டை, நிறமும் சேரவில்லை. ஆனாலும் அந்த வருடத் தோரணத்தைப் போல அழகாக எதுவும் இருந்ததில்லை என்பார் பாட்டி. அது ஏன் அழகு என்று எனக்குச் சிறு வயதில் விளங்கவில்லை.

அதே ஜூன் 16இல், 1919ஆம் ஆண்டு, இதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். 1954இல் இங்கே மகாத்மா காந்தி கலாசாலை எழக் காரணமாக இருந்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டு, நம் மக்கள் வீதிக்கு வரும் நிலை வந்தபோது, தொழிலாளர் காசைச் சேர்த்து நிலம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். படிக்காத பாட்டாளிகள் எப்படி நம்பிக் காசு போட்டார்கள் என்று வியக்கிறோம். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, பொது வேலையைக் கூடிச் செய்து, கணக்கைக் கோயில் வாசலில் வாசித்துப் பழகியவர்கள் அவர்கள். அந்தப் பழக்கத்தை அவர்கள் பள்ளிக்கூடத்திலா கற்றார்கள்? திருவிழாப் பாயில் கற்றார்கள் என்று நான் நினைக்கிறேன்.

கைகள் எங்கே போயின?

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் அடுக்குமாடி வீடு தேடிப் போனார்கள். 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. மூடப்பட்டவற்றில் பெரும்பாலானவை தோட்டப் பள்ளிகள். அவற்றோடு அங்கே நடந்த கைவேலைப் பாடமும் மூடப்பட்டது.

இன்று தீபாவளிச் சந்தையில் பிளாஸ்டிக் மாவிலை கிடைக்கிறது. மழையில் சாயம் விடாது, வாடாது, அடுத்த வருடமும் கட்டலாம். வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டு வாசலிலும் அது தொங்கியிருக்கிறது. ஆனால், அன்பரே, மாவிலைதான் தமிழர் அலங்காரம் என்றீர்களே, காகிதம் போன இடத்துக்கு மாவிலை திரும்பி வரவில்லை. பிளாஸ்டிக் மாவிலைதான் வந்திருக்கிறது. குருத்தோலை மடித்த கை காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்த வரையில், ஓலை கிடைத்தால் ஓலைக்கே திரும்ப முடிந்தது. கை மறந்துவிட்டால் முற்றத்தில் தென்னை இருந்தும் பயன் இல்லை.

என் பாட்டி வெட்டிய தாமரையை நான் கற்றுக்கொள்ளவில்லை. எப்போதும் பக்கத்தில் இருப்பார் என்ற நினைப்பு. அவர் போன பிறகு எத்தனையோ தாளை மடித்துப் பார்த்தேன். நடு இதழ் கூடவே இல்லை. அந்த நட்டத்தோடுதான் இங்கே பேசுகிறேன்.

அதனால் கேட்டுக்கொள்வது பெரிதாக ஒன்றுமில்லை. வருகிற பண்டிகைக்கு ஒரே ஒரு தோரணத்தையாவது வீட்டில் செய்யுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஒருநாள் மாலை தாத்தா பாட்டிகளைப் பள்ளிக்கு அழைத்து, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கைத்தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கிறது. பெரியவர்கள் வெட்டும்போது அந்தக் கையைப் படம் பிடியுங்கள். முகத்தைவிடக் கை முக்கியம்.

பிள்ளை வெட்டும்போது தாள் இரண்டாகப் போகும். திட்டாதீர்கள். ஒட்டிக்கொள்ளலாம்.