பட்டா இல்லாதவர்களின் வானம்

மயிலாப்பூரை ஒட்டி, பக்கிங்காம் கால்வாய் ஓரம் இருக்கும் ஒரு குடியிருப்பில் வாரம் இரண்டு நாள் எனக்கு வேலை. பொங்கலுக்கு முந்தைய வாரம், காலை ஏழு மணி இருக்கும். வீடுகளுக்கு மேலே ஒரு ட்ரோன் வந்து நின்றது. அங்கே குளியலறை என்றால் மூன்று பக்கம் தார்ப்பாய், மேலே ஒன்றுமில்லை. உள்ளே இருந்த அக்கா போட்ட சத்தத்தில் பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் கல்லை எடுத்துவிட்டான். நான்தான் கையைப் பிடித்தேன். “ஏன்க்கா புடிக்கிறீங்க? நம்ம வூட்டு மேலதானே நிக்குது?” என்றான்.

பக்கத்தில் எழும்பியிருக்கும் அடுக்குமாடிக்கு விளம்பரப் படம் எடுக்க வந்தார்களாம். பையனின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கல். அது பட்டு ட்ரோன் உடைந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 324ஆம் பிரிவின்படி சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம். சேதம் 20,000 ரூபாயைத் தொட்டால் இரண்டு ஆண்டு வரை, ஒரு லட்சத்தைத் தொட்டால் ஐந்து ஆண்டு வரை சிறை. தமிழ்நாட்டில் இன்னொன்றும் இருக்கிறது: 1992ஆம் ஆண்டின் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம். பொதுச் சொத்துக்கென்று வந்த இது பின்னர் தனியார் சொத்துக்கும் நீட்டப்பட்டது. நூறு ரூபாய் சேதமே போதும், குறைந்தது ஓராண்டு சிறை. நீதிமன்றத்தில் நிற்குமா என்பதெல்லாம் பிறகு, முதலில் பையன் உள்ளே போவான். தற்காப்பு உரிமை என்று வாதாடலாமா? சொத்தைக் காக்கும் தற்காப்பு திருட்டு, கொள்ளை, சேதம், அத்துமீறி நுழைதல் ஆகியவற்றுக்கு எதிராகத்தான். மேலே நின்று பார்ப்பது அதில் எங்கே வருகிறது? ஜாமர் வாங்கி அலைவரிசையை முடக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அனுமதியின்றி அதை வைத்திருப்பதே தனிக் குற்றம்.

சரி, “நம்ம வூட்டு மேல” என்ற வாதம்? நிலம் யாருடையதோ வானமும் அவருடையதே என்பது ஐரோப்பியச் சட்டத்தின் பழைய கொள்கை. விமானம் வந்ததும் அது ஆட்டம் கண்டது. 1934இல் வெள்ளைக்காரன் போட்ட இந்திய விமானச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, நியாயமான உயரத்தில் விமானம் பறப்பதை மட்டுமே காரணமாகச் சொல்லி அத்துமீறல் வழக்குப் போட முடியாது என்றது. 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கோழிப்பண்ணை வழக்கு வந்தது. ராணுவ விமானங்கள் 83 அடி உயரத்தில் பறந்ததில் மிரண்டு ஏறக்குறைய 150 கோழிகள் செத்திருந்தன. பழைய கொள்கை இனிச் செல்லாது, ஆனாலும் நிலத்தை ஒட்டிய வானத்தில் உரிமையாளருக்குப் பங்குண்டு என்றது நீதிமன்றம். 2015இல் கென்டக்கியில் தன் வீட்டுக்கு மேலே வந்த ட்ரோனை ஒருவர் சுட்டு வீழ்த்தினார். உள்ளூர் நீதிபதி அவரை விடுவித்தார். ட்ரோன்காரர் போட்ட வழக்கை, தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2017இல் தள்ளிவிட்டது. சுட்டது சரியா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சுட்டவருக்குச் சொந்த மனை இருந்தது. கோழிப்பண்ணைக்காரருக்கும் இருந்தது. நமக்கு?

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையை நம் பிள்ளைகள் பஞ்சமி நிலத்துக்காக மட்டும் படிக்கிறார்கள். 1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010ஆம் எண் அரசாணை அதிலிருந்து பிறந்தது, உண்மைதான். ஆனால் அந்த அறிக்கை வயலைப் பற்றி மட்டும் பேசவில்லை. சேரி மனையே மிராசுதாருடையது, பிடிக்காதவனைக் குடிசையோடு கிளப்பலாம் என்ற நிலையையும் அது பதிவு செய்தது. காலுக்குக் கீழே மண் இல்லாதவனுக்குத் தலைக்கு மேலே வானம் எப்படி வரும்?

அது பழைய கதை என்பவர்கள் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரை நினைத்துக்கொள்ளட்டும். கால்வாய் ஓர ஆக்கிரமிப்பு என்று 2022 மே மாதம் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். பட்டா இல்லாத தலைமுறைகளைச் சட்டம் ஒரே சொல்லில் முடிக்கிறது: ஆக்கிரமிப்பாளர். அவர் போய் “என் வானத்தில் அத்துமீறினான்” என்று மனு கொடுத்தால் எழுத்தரே சிரிப்பார்.

ஆகவே சொத்துரிமை வழியாக இந்தச் சண்டையை நாம் போட முடியாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். அந்த உரிமை இடத்தோடு அல்ல, மனிதரோடு ஒட்டியது. தார்ப்பாய்க்குள் இருப்பவரிடம் பட்டா கேட்காத உரிமை இது ஒன்றுதான்.

ஆனால் ட்ரோன் விதிகளைப் பாருங்கள். 2021 மார்ச்சில் வந்த விதிகளில் அந்தரங்கத்தைக் காக்கும் பொறுப்பு எழுதப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், தொழிலை எளிதாக்குகிறோம் என்று கொண்டுவந்த புதிய விதிகளில் அது காணாமல் போனது. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வளையத்துக்குள் வரும் மயிலாப்பூர் போன்ற இடங்களில் 200 அடிக்கு மேல் பறக்கத்தான் முன் அனுமதி வேண்டும். அதற்குக் கீழே, சிவப்பு மண்டலமாக அறிவிக்காத இடமென்றால், தேவையில்லை. விமானத்துக்கு ஆபத்து 200 அடிக்கு மேலே. குளிக்கும் பெண்ணுக்கு ஆபத்து அதற்குக் கீழே.

மேலே நிற்பது யாருடையது என்று கீழிருப்பவருக்குத் தெரிவதுமில்லை. அடையாறில் 2023 ஜூனில் திறந்த காவல்துறை ட்ரோன் பிரிவுக்கும் பறக்கும் கேமராக்கள் உண்டு. 2020 ஊரடங்கில் திருப்பூர் போலீஸ் ட்ரோனைப் பார்த்துக் கேரம் போர்டுக்குள் தலையை மறைத்த பையன்களின் வீடியோவை நாமும்தான் பகிர்ந்து சிரித்தோம்.

எதிர்த்தவர்களும் உண்டு. 2024 பிப்ரவரியில் ஷம்பு எல்லையில் கண்ணீர்ப்புகை குண்டு போட்ட ஹரியானா போலீஸ் ட்ரோன்களைச் சிக்கவைக்க விவசாயிகள் பட்டம் விட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்று நடப்பில் இருந்த 1934 சட்டத்தின் வரையறைப்படி பட்டமும் ஒரு விமானம்தான். ஆயிரக்கணக்கானோர் திரண்ட களம் அது. ஏழெட்டு வீடுகள் உள்ள சந்தில் நிற்கும் தனிப் பையனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கல்லுக்குப் பதில் என்ன? செல்போனில் ட்ரோனைப் படமெடுத்து நேரத்தைக் குறியுங்கள். ஓட்டுபவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார், தேடிப் பதிவு எண்ணைக் கேளுங்கள். விதியை மீறினால் ஒரு லட்சம் வரை அபராதம். பெண்ணை அந்தரங்க நிலையில் பார்ப்பதோ படமெடுப்பதோ 77ஆம் பிரிவில் முதல் முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. பழைய 354சி-யான இது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் சேர்த்த அட்டவணையிலும் இருக்கிறது. சிக்கல், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்று ‘அறிந்து’ செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. வானத்திலிருந்து பார்த்தவன் எனக்கு எப்படித் தெரியும் என்பான். புகாரில் குடியிருப்பின் பெயரையும் அது எந்த மக்களின் இடம் என்று சுற்றுவட்டாரமே அறியும் என்பதையும் எழுதச் சொல்வது அதனால்தான்.

அன்று ஓட்டியவனை இரண்டு தெரு தள்ளிப் பிடித்தோம். எங்கள் கண்முன் அழித்துவிட்டதாகக் காட்டினான். நகல் இருக்கிறதா என்பது அவனுக்கே வெளிச்சம். புகாருக்கு மூன்றாம் நாள் ரசீது கிடைத்தது. குளியலறைக்கு மேலே இப்போது பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். வெயில் ஏறினால் உள்ளே நிற்க முடியவில்லை என்கிறார் அக்கா.