இரவல் ஆட்டக்காரர்கள்

நெய்வேலியில் வேலை பார்த்தவர்களுக்கு டெபுடேஷன் என்றால் விளக்க வேண்டியதில்லை. ஆள் இங்கே உழைப்பார். சீனியாரிட்டி தாய் இலாகாவில் இருக்கும். கால்பந்தில் அதற்கு லோன் என்று பெயர்.

2014-இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது போட்டி இரண்டு, மூன்று மாதம்தான். அதனால் ஐ லீக் அணிகளிலிருந்து பலரை இரவல் வாங்கினார்கள். மிசோரத்து ஜேஜே லால்பெக்லுவா 2015 மே மாதம் மோகன் பகானுடன் ஐ லீக் பட்டம் வென்றார். அதே வருஷம் லோனில் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். டிசம்பர் இறுதி ஆட்டத்தில் கோவாவை 3-2 என்று வென்று சென்னை கோப்பையை எடுத்தது. கொண்டாட்டம் முடிந்ததும் ஜேஜே மோகன் பகானுக்கே திரும்பிவிட்டார்.

வாங்கிய அணிக்கு ஆபத்து இதுதான்: பழக்கியது ஒருவர், பலன் இன்னொருவருக்கு. அந்த இடத்தில் ஆடிப் பழக வேண்டிய உள்ளூர்ப் பையனோ பெஞ்சிலேயே இருப்பான். கொடுத்தவருக்கும் நிம்மதியில்லை. 2017-18-இல் இரண்டு லீகும் ஒரே சமயத்தில் நடக்க, ஜேஜே சென்னையிலேயே தங்கிவிட்டார்.

நாடுவிட்டு நாடு போகும் லோனுக்கு 2022-இல் ஃபிஃபா வரம்பு வைத்தது. 2024 முதல் ஓர் அணி ஆறு பேரைத்தான் வாங்கலாம். ஆனால் கொடுக்கும் அணியிலேயே பயிற்சி பெற்று வளர்ந்த, 21 வயது வரை உள்ளவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

டெபுடேஷன் முடிந்து திரும்பினால் நமக்கு ஒரு நாற்காலி இருந்தது. அந்தப் பையன்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.