இரண்டு ஏலங்கள்

தமிழில் ஏலம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று மலையில் விளைவது, மற்றொன்று சந்தையில் கூவுவது. முதல் சொல் பழையது, இந்த மண்ணோடது. இரண்டாவது போர்த்துக்கீசியர்களோடு கப்பலேறி வந்தது. அவர்கள் 'லெய்லாவ்' என்றார்கள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் அது இன்னும் 'லேலம்'தான். நம்ம பக்கம் முதலெழுத்து உதிர்ந்துபோய், சொல் ஏலக்காயோடு ஒட்டிக்கொண்டது. அதனால் போடிநாயக்கனூரில் மட்டும் ஒரு வாக்கியம் இயல்பாகப் புழங்கும்: 'இன்னைக்கு ஏலத்தை ஏலம் விடுறாங்க.'

2007ஆம் ஆண்டு இந்த இரண்டாவது ஏலத்தின் வரலாற்றில் இரண்டு காரியங்கள் நடந்தன. நறுமணப் பொருள் வாரியம் போடியில் ஏலக்காய்க்கு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், உலகத்தின் மறுகோடியில், கூகுள் டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்க வேண்டிய அவசியமும் அன்றைக்கு இல்லை. ஆனால் கூகுள் எப்படி இவ்வளவு பெரிய ஆளானது, அதன்மேல் நாடு நாடாக ஏன் வழக்கு நடக்கிறது என்று புரிந்துகொள்ள, சிலிக்கான் பள்ளத்தாக்கைவிட கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்புவது சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1. மலையில் ஒரே ஒரு வியாபாரி

ஏகபோகம் ஏலமலைக்குப் புதிதில்லை. 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு மிளகு வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஏலக்காயும் அப்படியே அரசின் சரக்கானது. மலையில் விளைவித்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கே கம்பம், போடிப் பக்கத்திலிருந்து ஏறிப்போன தமிழர்கள். அவர்கள் காயைப் பறித்து, உலர்த்தி, அரசின் கிடங்கில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வேறு யாருக்கும் விற்கக் கூடாது. அங்கிருந்து சரக்கு ஆலப்புழைக்குப் போகும். அரசு அதை அங்கே ஏலம் விட்டு வியாபாரிகளுக்கு விற்கும். இன்றும் நல்ல பச்சைக் காயின் தரப்பெயரில் 'ஆலப்பி கிரீன்' என்று ஆலப்புழையின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தக் காலத்தின் மிச்சம்.

இந்த அமைப்பைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஏலம் நடந்தது. பல வியாபாரிகள் போட்டி போட்டுத்தான் விலை சொன்னார்கள். ஆனால் அந்த விலை மலைமேல் இருந்த குடியானவனுக்குப் போய்ச் சேரவில்லை. அவனுக்கு என்ன கிடைக்கும் என்பதை அரசே முடிவு செய்தது. அவன் பக்கம் வாங்குபவன் ஒரே ஆள், ஆலப்புழையில் விற்பவனும் அதே ஆள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒருவரே உட்கார்ந்திருந்தால், இடைப்பட்ட பணம் எங்கே போகிறது என்று இரண்டு பக்கமும் அறிய முடியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் இந்த ஏகபோகத்தைக் கைவிட்டு நிலவரிக்கு மாறியது.

2. துண்டும் திரையும்

பழைய மாட்டுச் சந்தைகளில் ஒரு வழக்கம் உண்டு. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, அதற்குள் கையைவிட்டு, எதிராளியின் விரல்களைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்பவர்களுக்கு முகம் தெரியும், துண்டு தெரியும், விலை மட்டும் தெரியாது. விற்பவன் ஒரு விரலை நீட்டியிருப்பான், வாங்குபவன் வேறொன்றை மடக்கியிருப்பான். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் தரகர்.

ஏலக்காய் இந்தத் துண்டிலிருந்து வெளியே வர நீண்ட காலம் ஆனது. 1965இல் ஏலக்காய்ச் சட்டம், அடுத்த ஆண்டு ஏலக்காய் வாரியம், 1987இல் அது நறுமணப் பொருள் வாரியத்தோடு கலந்தது. அதே 1987இல் வந்த உரிமம், சந்தைப்படுத்தல் விதிகள் ஏலம் நடத்துபவர்களும் வாங்குபவர்களும் உரிமம் பெற வேண்டும் என்றன. வண்டன்மேடு, குமுளி, போடி என்று ஊர் ஊராக ஏலங்கள் நடந்தன. ஆட்கள் வாயால் விலை கூவினார்கள்.

2007க்குப் பிறகு போடியிலும், இடுக்கியின் புற்றடியிலும் கூவல் அடங்கியது. விவசாயி தன் சரக்கை ஏலக் கம்பெனியில் கொண்டுவந்து போடுகிறார். அது எண் போட்ட குவியல்களாகப் பிரிக்கப்படுகிறது. வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்து, கையில் மாதிரிக் காயை வைத்து உருட்டிப் பார்த்து, பொத்தானை அமுக்கி விலையை ஏற்றுகிறார்கள். முன்னால் பெரிய திரை. எந்தக் குவியல், எவ்வளவு எடை, இப்போது என்ன விலை என்பது கூடத்தில் இருக்கிற எல்லோர் கண்ணுக்கும் தெரியும். 2021இல், கொரோனாவால் மாநில எல்லை தாண்டுவது சிக்கலானபோது, இரண்டு ஊரையும் இணைத்து எந்த ஊரிலிருந்தும் ஒரே ஏலத்தில் கலந்துகொள்ளும் வசதி வந்தது.

இதைச் சொர்க்கமாகக் காட்ட வேண்டியதில்லை. ஏலத்தில் எடுத்த காயையே வியாபாரிகள் மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள், ஏலக் கம்பெனிக்காரர்களே வியாபாரமும் செய்கிறார்கள் என்று விவசாயிகள் பல வருடங்களாகப் புகார் சொல்லி வருகிறார்கள். திரை நல்ல விலைக்கும் உத்தரவாதம் தராது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் தொட்ட அதே காய், இரண்டு வருடத்தில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. ஆனால் ஒரு விவசாயி 'என் காய்க்கு இந்த விலைதான் போச்சா?' என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டிய ஒரு வாரியமும் ஒரு திரையும் இருக்கின்றன. புகாரே கூட, எது நடக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் எழுகிறது.

3. சொற்களை ஏலம் விட்டவர்கள்

சரி, இதுக்கும் கூகுளுக்கும் என்ன சம்பந்தம்?

கூகுளைத் தேடுபொறி என்கிறோம். 2024இல் அதன் தாய் நிறுவனத்தின் வருமானத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. அந்த விளம்பரம் ஏலத்தில் விற்கப்படுகிறது. நீங்கள் ஒரு சொல்லைத் தட்டி முடிப்பதற்கும் பக்கம் திறப்பதற்கும் நடுவில், அந்தச் சொல்லுக்கு ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. கூவலும் கிடையாது, திரையும் கிடையாது.

இதைக் கண்டுபிடித்தது கூகுள் இல்லை. 1998இல் பில் கிராஸ் என்பவர் கலிஃபோர்னியாவில் கோடூ.காம் என்ற தளத்தைத் தொடங்கினார். யார் ஒரு சொல்லுக்கு அதிக விலை சொல்கிறார்களோ அவர்கள் பெயர் மேலே வரும், யாராவது அதைச் சொடுக்கினால் மட்டும் பணம் கொடுத்தால் போதும். அதில் வேடிக்கை என்னவென்றால், விளம்பரக்காரர் எவ்வளவு கொடுக்கிறார் என்பது ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். போடிக் கூடத்தின் திரை மாதிரி.

கூகுள் 2000இல் ஆட்வேர்ட்ஸை ஆரம்பித்தது. 2002இல் அதை ஏலமுறைக்கு மாற்றியபோது இரண்டு மாற்றங்கள் செய்தது. ஒன்று, அதிக விலை சொன்னால் மட்டும் போதாது, அந்த விளம்பரத்தை மக்கள் எவ்வளவு சொடுக்குகிறார்கள் என்பதையும் விலையோடு பெருக்கித்தான் வரிசை. இதனால் சம்பந்தமில்லாத விளம்பரங்கள் கீழே போயின. தேடுபவருக்கு உண்மையிலேயே நன்மை. கூகுள் ஜெயித்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம், அதை மறுக்க முடியாது. இரண்டு, விலை கண்ணிலிருந்து மறைந்தது. ஜெயித்தவர் தனக்கு அடுத்தவர் சொன்ன விலையை ஒட்டித்தான் கொடுப்பார் என்பது விதி. ஆனால் அடுத்தவர் என்ன சொன்னார், பெருக்கலில் என்ன எண் போட்டார்கள் என்பது ஏலம் விடுபவருக்கு மட்டுமே தெரியும். துண்டு திரும்பி வந்துவிட்டது.

கோடூ பிறகு ஓவர்ச்சர் என்று பெயர் மாற்றி, தன் காப்புரிமையைத் திருடியதாகக் கூகுள்மேல் வழக்குப் போட்டது. 2003இல் யாஹூ ஓவர்ச்சரை வாங்கியது. 2004இல், கூகுள் பங்குச் சந்தைக்குப் போகும் தறுவாயில், 27 லட்சம் பங்குகளை யாஹூவுக்குக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஏலத்தைக் கண்டுபிடித்தவர் வரலாற்றின் அடிக்குறிப்பானார்.

4. 'தமிழ் மேட்ரிமோனி' யாருடைய சொல்?

நம்மூர்க் கதை இங்கே உள்ளே வருகிறது. 1990களின் கடைசியில், அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த முருகவேல் ஜானகிராமன் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் நடத்தினார். அதில் கல்யாண விளம்பரப் பகுதிக்குத்தான் கூட்டம் வந்தது. அதுவே சென்னையில் பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது.

வளர்ந்த பிறகு ஒரு தலைவலி. ஒருவர் கூகுளில் 'தமிழ் மேட்ரிமோனி' என்று தேடினால், போட்டித் தளங்களின் விளம்பரம் மேலே நின்றது. அந்தச் சொல்லை அவர்கள் ஏலத்தில் எடுத்திருந்தார்கள். நம்ம கடைப் பெயரைச் சொல்லி வழி கேட்கிறவனை எதிர்க்கடைக்கு அனுப்ப, தெருமுனையில் நிற்பவன் காசு வாங்குகிறான் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010இல் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் தந்த தீர்ப்பு இடைக்காலத் தடை தர மறுத்தது. தமிழ், மேட்ரிமோனி போன்றவை பொருளை விவரிக்கும் பொதுச் சொற்கள், அவற்றை ஒருவர் மட்டும் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். சட்டப்படி நியாயம்தான். ஆனால் பொதுச் சொல் யாருக்கும் சொந்தமில்லை என்றால், அதை ஏலம்விட்டு வருகிற பணம் மட்டும் ஏன் ஒருவருக்குச் சொந்தம் என்ற கேள்வி அப்படியே நின்றது.

2012இல் அந்நிறுவனம் இந்தியப் போட்டி ஆணையத்திடம் போனது. 2018 பிப்ரவரியில் ஆணையம் தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்காகக் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தன் சொந்தச் சேவைகளை முடிவுகளுக்கு நடுவே தூக்கி வைத்தது முக்கியமான குற்றம். சொல் ஏலம் பற்றிய புகாரை ஆணையம் ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் இரண்டு பெரிய உத்தரவுகள் வந்தன: ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 1,337.76 கோடி, ப்ளே ஸ்டோர் கட்டண முறைக்கு 936.44 கோடி. இரண்டாவது தொகையை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025இல் 216.69 கோடியாகக் குறைத்தது.

அபராதக் கணக்கைவிட அதிகம் சொல்வது 2024 மார்ச் 1. ப்ளே ஸ்டோர் கமிஷன் தகராறில் நீதிமன்றங்கள் தடை தர மறுத்த பிறகு, கூகுள் பல இந்தியச் செயலிகளைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. பாரத் மேட்ரிமோனியின் செயலிகளும் அதில் அடக்கம். மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் அவை திரும்பி வந்தன. சொன்ன கமிஷனைக் கொடுக்காதவர்களைக் கடையில் எப்படி வைத்திருப்பது என்பது கூகுளின் வாதம். அதில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடையை விட்டால் ஊரில் வேறு கடை இல்லை. கிடங்கில் சரக்கைச் சேர்க்க மாட்டேன் என்று சொன்ன மலைக் குடியானவனுக்கும் இதே நிலைமைதான்.

5. கூடமும் அவரே, தரகரும் அவரே

இனி 2007க்குத் திரும்பலாம். டபுள்கிளிக் என்ன செய்தது? செய்தித்தளங்கள் தங்கள் பக்கத்திலுள்ள விளம்பர இடத்தை விற்பதற்கான கருவியை வைத்திருந்தது, ஏலக்கூடம் ஒன்றையும் தொடங்கியிருந்தது. விளம்பரம் கொடுப்பவர்களின் கருவி ஏற்கெனவே கூகுளிடம் இருந்தது. வாங்கல் 2008இல் முடிந்தபோது, விற்பவரின் தரகர், வாங்குபவரின் தரகர், ஏலக்கூடம் மூன்றும் ஒரே கைக்கு வந்தன. போடியில் ஒரே ஆள் விவசாயிக்கும் வியாபாரிக்கும் தரகராக இருந்துகொண்டு, ஏலத்தையும் நடத்தி, திரையையும் அணைத்துவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

2023இல் வாஷிங்டனில் நடந்த தேடல் வழக்கில், கூகுளின் விளம்பர நிர்வாகி ஒருவர் சாட்சி சொன்னார்: விளம்பரக்காரர்களுக்குத் தெரிவிக்காமலே ஏலத்தைத் திருத்தி, விலை 5 சதவீதம் வரை கூடும்படி செய்ததுண்டு. இதை ஒருவரால் நியாயமான சந்தையில் செய்ய முடியாது. வியாபாரிகள் எழுந்து பக்கத்துக் கூடத்துக்குப் போய்விடுவார்கள். பக்கத்தில் கூடமே இல்லாதவரால்தான் முடியும். 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். தன்னையே இயல்புத் தேடுபொறியாக வைத்திருக்க 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் மற்றவர்களுக்குக் கொடுத்ததும் அந்த வழக்கில் வெளிவந்தது. 2025 ஏப்ரலில் வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா, விற்பவர் கருவியிலும் ஏலக்கூடத்திலும் அதே முடிவுக்கு வந்தார். விளம்பரம் கொடுப்பவர் பக்கத்துப் புகார் நிரூபிக்கப்படவில்லை.

கூகுளை வில்லனாக்கி முடிப்பது எளிது. அதன் தேடல் நல்ல தேடல். இலவச வரைபடம் இல்லாமல் குரங்கணிக்கு வழி தெரியாதவர்கள் நம்மில் பாதிப் பேர். தமிழில் தட்டச்சு செய்ய அது கொடுத்த வசதியால் எழுத வந்தவர்கள் ஏராளம். திருவிதாங்கூர் ஏகபோகமும் ஆலப்புழைச் சரக்குக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்தது. நடுவில் உட்கார்ந்தவர் திறமைசாலியா என்பது ஒரு கேள்வி. அவரிடம் யார் கணக்குக் கேட்பது என்பது வேறு கேள்வி.

இன்றைக்குப் போடியில் ஓர் இளைஞர் அப்பாவின் தோட்டத்துக் காயை நேராக இணையத்தில் விற்கலாம் என்று கிளம்பினால், அவர் இரண்டு ஏலங்களைத் தாண்ட வேண்டும். முதல் ஏலத்தில் காயின் விலை திரையில் ஓடும். குறைவாகப் போனால் யார் அதிகம் கேட்டார்கள் என்று பார்க்கலாம், வாரியத்தில் சண்டை போடலாம். இரண்டாவதில் அவர் 'ஏலக்காய்' என்ற சொல்லையே விலைக்கு எடுக்க வேண்டும். எதிரில் கேட்டது யார், எவ்வளவு கேட்டார்கள், தன் கையிலிருந்து போன ரூபாயில் எத்தனை பைசா நடுவில் நின்றது என்பது அவருக்குத் தெரியாது. மாதக் கடைசியில் பில் மட்டும் வரும்.