பினாங்கு ஆலைகளும் லினக்ஸ் கெர்னலும்: பேரலல் போர்ட் டிரைவ்களின் வரலாறு

1990களின் நடுவில் கோப்புகளைக் கணினி விட்டுக் கணினி கொண்டுசெல்ல 1.44 மெகாபைட் ஃபிளாப்பியே பலருக்கும் வழி. அந்தப் போதாமையைத் தீர்க்கப் போட்டியிட்ட அமெரிக்க நிறுவனங்களில் ஐயோமெகா, சைக்வெஸ்ட் இரண்டுக்கும் பினாங்கில் ஆலைகள் இருந்தன. அவற்றின் டிரைவ்களை லினக்ஸில் இயக்கியவர்களோ அந்த ஆலைகளோடு தொடர்பில்லாத தன்னார்வலர்கள். இந்த இரு வரலாறுகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: ஆலைகள் கைமாறின, மூடப்பட்டன, பொதுவில் எழுதப்பட்ட இயக்கிநிரல்கள் நிலைத்தன. அது எப்படி நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

தீவில் அமைந்த தொழில்தளம்

1969இல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையின்மை கடுமையாக இருந்த அந்நாளில் முதலமைச்சர் லிம் சோங் இயூவின் ஆட்சி தொழிற்சாலைகளை நாடியது. ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே, பாயான் லெப்பாஸில் 1972இல் தடையற்ற வாணிப மண்டலம் எழுந்தது. அதே ஆண்டு இன்டெல் வந்தது. சிப் பொருத்துவதில் தொடங்கிய தொழில், 1990களில் வன்தட்டு உற்பத்தி வரை விரிந்தது. வன்தட்டு நிறுவனமான குவாண்டம் 1996இல் தன் பினாங்கு ஆலையை ஐயோமெகாவுக்கு விற்றது. முந்தைய ஆண்டு சந்தைக்கு வந்த, கழற்றி மாற்றும் வட்டுகளைக் கொண்ட ஐயோமெகாவின் ஸிப் டிரைவுக்குத் தேவை பெருகியிருந்த நேரம் அது. வட்டுத் தொழிலில் பழகிய ஆலை ஒன்று ஐயோமெகாவுக்கு ஆயத்தமாகக் கிடைத்தது.

அச்சுப்பொறிக் கேபிளில் ஒரு ஸ்கஸி வட்டு

ஸிப் வட்டு ஒன்றின் கொள்ளளவு 100 மெகாபைட். ஏறத்தாழ எழுபது ஃபிளாப்பிகளுக்குச் சமம். தொடக்கத்தில் டிரைவின் விலை 199 டாலர். வட்டுகளைக் கணினியோடு இணைக்கும் ஸ்கஸி முறையில் இயங்கிய வகைக்குப் பெரும்பாலான கணினிகளில் தனி அட்டை பொருத்த வேண்டும். பேரலல் போர்ட் வகைக்கோ கணினியின் மூடியைத் திறக்கவே வேண்டாம். அச்சுப்பொறிக்கான துளையில் செருகி, அச்சுப்பொறியை டிரைவின் பின்புறம் மாட்டினால் போதும்.

இந்த வசதிக்குள் ஒரு சிக்கல் இருந்தது. பழைய பேரலல் போர்ட் தரவை வெளியே அனுப்புவதற்கென்று அமைந்தது. உள்ளே வருபவை தாள் தீர்ந்தது, அச்சுப்பொறி வேலையில் உள்ளது போன்ற சில நிலைக்குறிகள் மட்டுமே. அந்த நிலைக்கம்பிகள் வழியாக நான்கு நான்கு பிட்டாகத்தான் வட்டைப் படிக்க முடிந்தது. ஒரு பைட்டுக்கு இரண்டு முறை. இருவழிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்திய ஐஇஇஇ 1284 தரம் 1994இல்தான் வந்தது. ஸிப்புக்குள் இருந்த சில்லு இதே கம்பிகளில் ஸ்கஸி கட்டளைகளைக் கடத்தியது. பெட்டியோடு வந்த மென்பொருள் டாஸ், விண்டோஸ் பயனர்களுக்கானது.

போர்ட் யாருடையது?

லினக்ஸுக்கான 'பிபிஏ' இயக்கிநிரலை கிராண்ட் குந்தர் 1995–96இல் குனு பொது உரிமத்தின்கீழ் எழுதினார். ஸிப்பைப் புதுவகைக் கருவியாகக் கருதாமல் சாதாரண ஸ்கஸி வட்டாகவே லினக்ஸின் மையநிரலான கெர்னலுக்குக் காட்டியது அவருடைய தேர்வு. அதனால் ஏற்கெனவே இருந்த வட்டுக் கட்டளைகள் எல்லாம் அப்படியே வேலை செய்தன. புதியவர்களைத் தடுமாறச் செய்தது ஒன்றுதான்: ஆலையில் ஃபார்மட் செய்யப்பட்ட ஸிப் வட்டின் ஒரே பகுதி நான்காவது இடத்தில் இருந்தது. 'எஸ்டிஏ1' என்று மவுண்ட் செய்தால் பிழை. வேறு ஸ்கஸி வட்டு இல்லாத கணினியில் 'எஸ்டிஏ4' என்று கேட்டால் கோப்புகள் வரும்.

பெரிய இடையூறு அச்சுப்பொறியோடு வந்தது. 2.0 கெர்னலில் 'எல்பி' என்ற அச்சு மாட்யூல் போர்ட்டைப் பிடித்துக்கொண்டால் பிபிஏவுக்கு இடமில்லை. ஒன்றை இறக்கிவிட்டுத்தான் மற்றொன்றை ஏற்ற வேண்டும். இத்தகைய மோதலுக்கு விடையாக 'பார்போர்ட்' என்ற பொது அடுக்கு உருவானது. 1999 ஜனவரியில் வெளியான 2.2 கெர்னலில் அது இடம்பெற்றது. அதன்பின் எந்த இயக்கிநிரலும் போர்ட்டைக் கேட்டுப் பெற்று, வேலை முடிந்ததும் விட்டுவிட வேண்டும். அச்சுப்பொறியின் தனியுடைமை பொதுவுடைமையானது. அப்போது பிபிஏவைப் பராமரித்துவந்த டேவிட் கேம்ப்பெல், பின்னர் வந்த ஸிப் பிளஸ் டிரைவின் புதிய சில்லுக்காக 'ஐஎம்எம்' இயக்கிநிரலையும் எழுதினார். எதை ஏற்றுவது என்பதற்குக் கெர்னல் குறிப்பு தந்த அடையாளம் எளியது: கேபிளில் 'ஆட்டோடிடெக்ட்' என்று அச்சிட்டிருந்தால் ஐஎம்எம், இல்லையேல் பிபிஏ.

சைக்வெஸ்டின் டிரைவ்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. அவற்றுள் இருந்தது ஸ்கஸியிலிருந்து வேறுபட்ட ஐடிஇ இணைப்பு முறையிலான வட்டு. அதைப் பேரலல் போர்ட்டோடு இணைத்தது ஒரு மாற்றிச் சில்லு. இத்தகைய கருவிகளுக்காகக் குந்தர் 1997–98இல் 'பாரைட்' தொகுப்பை உருவாக்கினார். அதில் சில்லின் மொழி ஒரு மாட்யூல், கருவியின் வகை இன்னொரு மாட்யூல். சைக்வெஸ்ட் ஈஇஸட் டிரைவுக்கு 'ஈபாட்', 'பிடி' இரண்டையும் ஏற்ற வேண்டியிருந்தது.

ஆலைக்குப் பின்

சைக்வெஸ்ட் 1998இல் திவாலானது. ஐயோமெகா தன் பினாங்கு ஆலையை 2002இல் சிங்கப்பூரின் வென்ச்சர் நிறுவனத்துக்கு விற்றது. யூஎஸ்பி பரவியதும் பேரலல் போர்ட்டே மறையத் தொடங்கியது. 2008இல் ஐயோமெகாவும் இஎம்சி நிறுவனத்துக்குக் கைமாறியது.

நிரலின் கதை அங்கே முடியவில்லை. 2023இல் வெளியான 6.3 கெர்னலில் பாரைட் நீக்கப்பட்டு, ஓண்ட்ரே ஸாரி எழுதிய 'பாட்டா பார்போர்ட்' அதன் இடத்தைப் பிடித்தது. சில்லுகளின் மொழியறிந்த பழைய மாட்யூல்களைத் தூக்கியெறியாமல், தற்கால வட்டு அடுக்கோடு அவர் பொருத்தினார். கால் நூற்றாண்டுக்கு முன் ஒருவர் கண்டறிந்ததை, வேறொருவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் தொடர முடிந்தது. திறந்த மூல உரிமம் அதற்கு இடம் தந்தது.

பினாங்கின் மின்னணுத் தொழில் வரலாறு பெரும்பாலும் முதலீடு, வேலைவாய்ப்பு, ஏற்றுமதி ஆகிய கணக்குகளாலேயே எழுதப்படுகிறது. அங்கே செய்த பொருள் எப்படி இயங்கியது என்ற அறிவு அந்தக் கணக்குகளில் இல்லை. அதன் ஒரு பகுதி கெர்னலின் மூலநிரலில் இருக்கிறது. இத்தீவின் தொழில் மரபைத் தொகுக்க முனைவோர் டிரைவை மட்டும் கண்ணாடிப் பேழையில் வைத்தால் அது வெறும் பெட்டி. அதை இயக்கும் நிரலையும் ஆவணமாகச் சேர்த்தால்தான் வருங்கால ஆய்வாளர் அந்த வட்டுகளைப் படித்துப் பார்க்க முடியும்.